ஆறாம் கட்டில் ரோசா

ஓய்வு பெற்ற பிறகு என் கைத்தொலைபேசிக்கு வரும் படங்களில் பாதி பேரப்பிள்ளைகளுடையவை, மீதி வாடிய செடிகளுடையவை. போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியில் இருந்து ஓர் இளம் தாதி அனுப்பியது இரண்டாவது வகை. இலை ஓரமெல்லாம் கருகி, மொட்டுகள் தலையைத் தொங்கப் போட்டபடி ஒரு ரோசாச் செடி. கீழே அதன் நோயைக் கேட்டு இப்படி எழுதியிருந்தாள்: "முத்தையா ஐயா, உரம் எல்லாம் நல்லாப் போட்டனாங்கள். பிறகும் இப்பிடி நிக்குது. என்ன வருத்தம்?"

"நல்லாப் போட்டதுதான் வருத்தம்" என்று பதில் அனுப்பினேன். அவளுக்கு விளங்கவில்லை. தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் அவளுடைய சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். "அப்ப எழுதித் தாங்கோ ஐயா, எல்லாரும் வாசிப்பம்" என்றாள். கேட்டவளுக்கு வேலை முடிந்தது, எனக்குத் தொடங்கிவிட்டது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தோட்டக்காரனாக நியமனம் பெற்றவன் அல்ல. ஆஸ்பத்திரிச் சிற்றூழியர். கூட்டுவது, கழுவுவது, தண்ணீர் அள்ளுவது, நோயாளியைத் தூக்கிக் கிடத்துவது, இவைதான் என் தொழில். ஆனால் நான் பிறந்தது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில். இளம் வயதில் துரை பங்களாவின் பூந்தோட்டத்தில் வேலை. அங்கே இருந்த தலைமைத் தோட்டக்காரர் பேச மாட்டார். கிளையை நேராக வெட்டினால் கத்திப் பிடியால் விரல் மொளியில் ஒரு தட்டு, சாய்வாக வெட்டினால் தட்டு இல்லை. அதுதான் என் படிப்பு முழுவதும். பிறகு கலவரம் வந்தது. எங்கள் சனம் லொறி ஏறி வன்னிக்கு வந்தது. தர்மபுரம் பக்கம் ஒரு துண்டுக் காணியும், பரந்தனில் இருந்து முல்லைத்தீவு போகும் வீதியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தன. இவ்வளவு காலம் இங்கே இருந்தும் என் வாயில் "ஓம்" வருவதில்லை, "ஆமாங்க" தான் வரும். அதற்கு விழுந்த நக்கலைத் தனியாக ஒரு புத்தகமாகப் போடலாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்து வந்தபோது பெரிய மிஸ்ஸி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் தாதியை மிஸ்ஸி என்போம். எல்லா மிஸ்ஸிமாருக்கும் மேலே இருந்ததால் இவர் பெரிய மிஸ்ஸி. மற்றவர்கள் பெட்டியும் பாத்திரமும் கொண்டுவந்தார்கள். இவர் ஈரச் சாக்கில் சுற்றிய ரோசாத் தடிகளைக் கொண்டுவந்தார். வந்த அன்றே என்னைக் கூப்பிட்டு, "முத்தையா, நீர் மலைநாடு எண்டு சொன்னாங்கள். ரோசா வளர்ப்பீரோ?" என்று கேட்டார்.

"ஆமாங்க மிஸ்ஸி."

"ஓம் எண்டு சொல்லும்."

"ஆமாங்க."

அவர் அதற்கு மேல் என்னைத் திருத்த முயலவில்லை. நான் பிரசவ விடுதியின் யன்னலுக்கு எதிரே குழி வெட்டத் தொடங்கினேன். அது குண்டு போடும் விமானங்களுக்குப் பயந்து எல்லோரும் பங்கர் வெட்டிய காலம். வீதியால் போன ஒரு கிழவர் சைக்கிளை நிற்பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது காணாது. இன்னும் ஆழமா வெட்டும். பொம்பர் வந்தால் இதுக்குள்ளை தலையை மட்டுந்தான் வைக்கலாம்" என்று புத்தி சொன்னார். இது ரோசாவுக்கு என்று சொன்னேன். என்னையும் ஆஸ்பத்திரியையும் மாறி மாறிப் பார்த்தார். எந்த வகை நோயாளி என்று யோசித்திருப்பார் போலும்.

செடிகள் பிடித்தன. பெரிய மிஸ்ஸி அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை, இலக்கம் கொடுத்தார். விடுதிக்குள் முதலாம் கட்டில், இரண்டாம் கட்டில் என்று இருப்பதுபோல வெளியேயும் முதலாம் கட்டில், இரண்டாம் கட்டில். காலையில் உள்ளே நோயாளிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு அதே முகத்தோடு வெளியே வருவார். "மூண்டாம் கட்டில் எப்பிடி?" "இலையிலே கரும்புள்ளி விழுந்திருக்குங்க." "தனிமைப்படுத்தும்." நான் புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கிக் கொண்டுபோய் எரிப்பேன்.

மலைநாட்டில் நாங்கள் கவ்வாத்து என்று சொல்வதை அவர் ஒப்பரேசன் என்பார். கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் கிடைக்காத காலத்தில் ஊசி அவித்து முடிந்த கொதிநீரில் கத்தரியையும் அமிழ்த்த வேண்டும். முதலில் செத்த கிளை, பிறகு ஒன்றோடொன்று உரசும் கிளை, பிறகு நோஞ்சான் கிளை. நடு வெளித்துக் காற்றுப் போக வேண்டும். மிஞ்சிய நல்ல கிளையில் வெளிப்பக்கம் பார்க்கும் முளைக்கண் ஒன்றைத் தேடி அதற்குச் சற்று மேலே வெட்டு. வெட்டு கண்ணுக்கு எதிர்ப்பக்கமாகச் சரிய வேண்டும். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் கண்ணில் வடிந்து அழுகும். வெட்டுவாயில் சாணி பூச வேண்டும். சாணியைக் கண்டதும் முதல் நாள் மிஸ்ஸி திடுக்கிட்டுப் போனார்.

"புண்ணிலை சாணியோ? நான் இருக்கிற ஆஸ்பத்திரியிலையோ?"

"இதுக்கு இதுதாங்க பிளாஸ்டர்."

மூக்கைப் பொத்திக்கொண்டு சம்மதித்தார். ஒரு மாதம் கழித்துச் சாணி பூசியதும் பூசாததுமான இரண்டு கிளைகளை அவரே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அன்று முதல் சாணி காய்ந்திருந்தால் எனக்குத்தான் ஏச்சு.

தாய்மாருக்குப் பூக் கொடுக்கும் வழக்கம் எப்படித் தொடங்கியது என்று இப்போதைய பிள்ளைகள் கேட்கிறார்கள். அதில் திட்டம் ஒன்றும் இல்லை. போரால் வன்னிக்குள் சாமான் வரத் தடை இருந்த காலம். சவர்க்காரம் இல்லை, பவுடர் இல்லை. ஒரு நாள் பிள்ளை பெற்று வீட்டுக்குப் போகப் புறப்பட்ட ஒருத்தி, ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு, "மிஸ்ஸி, மாமியாக்கள் வந்து நிக்கினம். இப்பிடியே போறதோ?" என்று கேட்டாள். பூவைத் தொட்டாலே கையில் அடிக்கும் பெரிய மிஸ்ஸி, தானே போய் ஒரு ரோசாவை வெட்டி அவள் தலையில் செருகிவிட்டார். பக்கத்துக் கட்டில்காரி சும்மா இருப்பாளா? சில மாதங்களில் அது சட்டமாகிவிட்டது. பிள்ளையோடு வீட்டுக்குப் போகும் தாய்க்கு ஒரு பூ. ஒன்றுதான். இரட்டைப் பிள்ளை என்றாலும் ஒன்றுதான், தலை ஒன்றுதானே என்பது மிஸ்ஸியின் நியாயம்.

சட்டம் போடுவது சுலபம். துரை பங்களாவில் எல்லாச் செடியையும் ஒரே வாரத்தில் வெட்டுவோம், எல்லாம் ஒன்றாகப் பூக்கும், துரை விருந்து வைப்பார். இங்கே பிள்ளைகள் பருவம் பார்த்துப் பிறப்பதில்லையே. ஆகவே முறை வைத்து வெட்டினேன். இந்தக் கிழமை ஒரு செடி, அடுத்த கிழமை இன்னொன்று. ஒன்று மொட்டையாக நிற்கும்போது ஒன்று துளிர்க்கும், ஒன்று பூக்கும். பூவைக் கொய்வதற்கும் முறை உண்டு. கழுத்தோடு கிள்ளினால் அடுத்த கிளை நோஞ்சானாக வரும். ஐந்து சிற்றிலை உள்ள இலைவரை இறங்கி அதற்கு மேலே வெட்டினால் பலமான கிளை வரும். அதனால் எங்கள் தாய்மார் நீட்டுக் காம்போடு பூ வைத்துக்கொண்டு போனார்கள். வீதியில் கண்டவர்கள் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காமலே அறிந்துகொண்டார்கள்.

இனி நான் சொல்ல வந்தது. தர்மபுரத்துக்கு உள்ளே இருந்து சாந்தி என்று ஒரு பெண் வருவாள். கணவன் நாகேந்திரன் வயல் செய்கிறவன். அவளுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் உயிரில்லாமல் பிறந்தன. இரண்டு முறையும் அவள் வீட்டுக்குப் போனபோது ரோசாக்கள் பூத்து நின்றன. இரண்டு முறையும் நான் அங்கேதான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பூக் கொடுப்பதா, கொடுத்தால் அது என்ன அர்த்தம் என்று எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் செடிகளைப் பார்க்காமல் நடந்து போய் வண்டியில் ஏறினாள்.

மூன்றாம் முறை பெரிய மிஸ்ஸி அவளை முன்கூட்டியே கூப்பிட்டு யன்னலோரக் கட்டிலில் கிடத்திவிட்டார். சாந்திக்குப் பொழுதுபோக்கு என் ரோசாக்கள்தான். கொஞ்ச நாளில் என்னைவிட அவளுக்கு அவை பழக்கம். "முத்தையாண்ணை, ஆறாம் கட்டிலிலை புது மொட்டு ஒண்டு. நீங்கள் காணேல்லையோ?" என்று யன்னலால் குரல் வரும். ஆறாம் கட்டில் கடுஞ்சிவப்புப் பூ. அவள் கண் அதில்தான். "எனக்கு இதிலைதான் வேணும். இந்த முறை நான் பூவோடைதான் போவன்" என்பாள். நான் அந்தச் செடியின் முறையைத் தள்ளிப் போட்டு, மொட்டுகளை அவளுக்காகவே விட்டு வைத்தேன்.

பெண் பிள்ளை பிறந்தது. அது போட்ட சத்தம் வெளிநோயாளர் வரிசை வரை கேட்டது. பெரிய மிஸ்ஸி முதல் முறையாக விடுதிக்குள் உரத்துச் சிரித்தார். இரண்டு முறை பட்டது போதும் என்று தாயையும் பிள்ளையையும் ஒரு கிழமை வைத்துப் பார்த்து அனுப்ப முடிவு செய்தார். நாகேந்திரன் முற்றத்தில் கண்டவர் எல்லோரையும் கட்டிப்பிடித்தான். என்னைக் கட்டிப்பிடித்தபோது என் கையில் குப்பைவாளி இருந்தது, அதையும் சேர்த்துத்தான் பிடித்தான்.

இரண்டு நாள் போனதும் ரோசாக்களின் இலை ஓரங்கள் கருகத் தொடங்கின. வெயிலோ என்று நினைத்தேன். அடுத்த நாள் மொட்டுகள் தலை சாய்ந்தன. ஒரு செடி அல்ல, முழு வரிசையும். பெரிய மிஸ்ஸி கட்டில் கட்டிலாகப் பார்த்து வந்தார்.

"என்ன முத்தையா, தொற்றுநோயோ?"

"எனக்கே புரியலைங்க மிஸ்ஸி. வேர்ல ஏதோ பிடிச்ச மாதிரி இருக்கு."

அப்போது நாகேந்திரன் சைக்கிளில் வந்து இறங்கினான். முகமெல்லாம் சிரிப்பு. நேரே எங்களிடம் வந்து, "எப்பிடி அண்ணை? இப்ப பச்சைப் பசேலெண்டு கிளம்பியிருக்குமே?" என்றான். பிறகு செடிகளைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"நீர் என்ன செய்தனீர்?" என்று கேட்டார் மிஸ்ஸி.

"யூரியா எறிஞ்சனான் மிஸ்ஸி."

வாசிப்பவர்கள் இதன் பெறுமதியை அறிய வேண்டும். யூரியா எங்கள் பக்கம் வரவே விடாத காலம் அது. ஒரு பை யூரியா வைத்திருந்தவன் அதை நகைபோல ஒளித்து வைத்தான். நாகேந்திரன் காலபோக நெல்லுக்கென்று பானைக்குள் போட்டுத் தாட்டு வைத்திருந்ததைத் தோண்டி எடுத்து, மகள் பிறந்த சந்தோசத்தில், நான் வேலை முடிந்து போன பிறகு கொண்டுவந்து, வயலுக்கு எறிவதுபோல அள்ளி அள்ளி எறிந்திருக்கிறான். எறிந்துவிட்டுத் தண்ணீரும் விட்டிருக்கிறான். அவனிடம் இருந்ததில் ஆகப் பெரியது அதுதான். அதைத்தான் எங்களுக்குக் கொண்டுவந்து கொட்டினான். எப்படி ஏசுவது?

மிஸ்ஸிக்கு அந்தச் சிக்கல் இருக்கவில்லை. "கிணறு அங்கை. வாளி இஞ்சை. நீர் போட்டதை நீரே கழுவும்" என்றார்.

சாந்தி யன்னலால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. வெட்டிக் கொடுக்க ஒரு பூக்கூட இல்லை. அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கவில்லை. மிஸ்ஸி ஒரு செவ்வரத்தம் பூவோடு வந்தார்.

"செவ்வரத்தை எங்கடை வேலியிலையும் கிடக்கு மிஸ்ஸி."

நித்தியகல்யாணி கொண்டுவந்தார். அவள் அதைப் பார்க்கவும் இல்லை. நாகேந்திரன் சைக்கிளை மிதித்துப் புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் போனான். மத்தியானம் வியர்த்து வழிய வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினான். உள்ளே ஒரு பிளாஸ்ரிக் ரோசா. நல்ல சிவப்பு. இலையில் பனித்துளிகூட ஒட்டியிருந்தது.

சாந்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "நான் பெத்தது பிளாஸ்ரிக் பிள்ளையோ?"

விடுதி முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். "ரண்டு தரம் இந்த வாசலாலை வெறுங்கையோடை போனனான் மிஸ்ஸி. பூ வைச்சுக்கொண்டு போறவையைப் பாக்க ஏலாமல் தலையைக் குனிஞ்சு கொண்டு போனனான். இந்த முறையெண்டாலும் தலை நிமிந்து போவமெண்டு எத்தினை நாள் இந்த யன்னலைப் பாத்துக்கொண்டு கிடந்தனான்."

பெரிய மிஸ்ஸி நித்தியகல்யாணியை யன்னலில் வைத்தார். அந்த நேரம் நடையில் பாயில் கிடந்த ஒருத்திக்குப் பிரசவ நோ தொடங்கி அவள் முனகினாள். கட்டில் இல்லாததால்தான் அவளைப் பாயில் கிடத்தியிருந்தோம். சாந்தி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தானே இறங்கினாள்.

"அந்தப் பிள்ளை படுக்கட்டும் மிஸ்ஸி. ஆனா ஆறாம் கட்டில் பூத்தால் எனக்குச் சொல்லி அனுப்போணும். பூக்கப் பண்ணுவீங்களோ முத்தையாண்ணை?"

"பண்ணுறேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டேன்.

என் தொழில்வாழ்க்கையில் அதைவிடக் கடினமான செடி எனக்கு வாய்த்ததில்லை. முதல் வேலை தண்ணீர். வேரை எரிக்கும் அந்த யூரியா உப்பு இறங்கிப் போகும்வரை வாளி வாளியாக ஊற்ற வேண்டும். நாகேந்திரன் ஒவ்வொரு நாளும் தர்மபுரத்தில் இருந்து வந்து அள்ளினான். மேல் மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு ஆற்று மணலும் மக்கிய குப்பையும் போட்டோம். அடுத்தது கத்தரி. எரிந்த கிளையில் கருப்பு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டு வரும். அது அடித்தண்டைத் தொட்டால் செடி போய்விடும். கருப்புக்குக் கீழே வெட்டி உள்ளே பார்க்க வேண்டும். தண்டின் நடுச்சோறு மண்ணிறமாக இருந்தால் காணாது, இன்னும் கீழே. வெள்ளையாக இருந்தால் நிறுத்தலாம். ஆனால் ஆடி மாத வெயிலில், ஈரத்தை உறிஞ்சும் சோளகக் காற்று வீசும்போது, அப்படி ஒட்ட வெட்டுவது யாரும் செய்யாத வேலை. வெட்டாவிட்டால் கருப்பு கொல்லும், வெட்டினால் வெயில் கொல்லும்.

பெரிய மிஸ்ஸி மருந்துத் தட்டை ஏந்தியபடி பக்கத்தில் குந்தியிருந்தார். நான் வெட்டிய துண்டு ஒவ்வொன்றையும் தட்டில் வாங்கிக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "மண்ணிறம். இன்னும் கீழை." வெட்டினேன். "மண்ணிறம்." ஆறாம் கட்டிலில் கடைசியாக ஒரு சாண் உயரத்தில் இரண்டு தண்டுகள் மிஞ்சின. "வெள்ளை" என்றார். சாணி பூசி, அடியில் ஈரச் சாக்குச் சுற்றி, மேலே தென்னங்கிடுகால் பந்தல் போட்டோம். வீதியால் போன சனம் யாருக்குக் கொட்டில் என்று கேட்டது. வரிசையில் பாதிக்கு மேல் செத்தன. அவற்றைப் பிடுங்கும்போது நாகேந்திரன் மறுபக்கம் திரும்பி நின்றான்.

ஒரு நாள் ஆறாம் கட்டிலின் கண்ணில் சிவப்பாக ஒரு முளை. பக்கத்துச் செடியிலும் ஒன்று. நாகேந்திரன் அதை முழங்காலில் நின்று பார்த்துவிட்டு, மெல்ல என் காதுக்குள், "அண்ணை, இப்ப ஒரு சிட்டிகை யூரியா..." என்றான். வாளியைத் தூக்கிக்கொண்டு அவனைக் கிணற்றடி வரை துரத்தினேன்.

அதுவரை எத்தனையோ தாய்மார் பூ இல்லாமல் போனார்கள். மிஸ்ஸி ஒவ்வொருத்திக்கும் காரணம் சொல்லி அனுப்பினார். கடைசியில் மொட்டு நிறம் காட்டியதும் நாகேந்திரனிடமே சொல்லி அனுப்பினோம். சாந்தி சைக்கிள் பாரில் உட்கார்ந்து, பிள்ளையை மார்போடு அணைத்தபடி வந்து இறங்கினாள். பிள்ளை கொழுத்துப் போயிருந்தது. இரண்டு செடியிலும் சேர்த்து அன்று விரிந்திருந்தவை மூன்று பூக்கள். ஒன்று சாந்திக்கு, மற்ற இரண்டும் அன்று வீட்டுக்குப் போக ஆயத்தமாக நின்ற இரண்டு தாய்மாருக்கு என்று பெரிய மிஸ்ஸி காலையிலேயே சொல்லி வைத்திருந்தார். அவர்கள் இருவரும் தலைவாரி விறாந்தையில் காத்து நின்றார்கள்.

ஆறாம் கட்டிலில் நல்லதைப் பார்த்துக் கத்தரியை வைத்தேன்.

"முத்தையாண்ணை, எனக்கு மூண்டும் வேணும்."

பெரிய மிஸ்ஸிக்குச் சட்டம் நினைவுக்கு வந்துவிட்டது. "பிள்ளை, தாய்க்கு ஒண்டுதான் எண்டு உனக்குத் தெரியும். அங்கை ரண்டு பேர் நிக்கினம்."

"தெரியும் மிஸ்ஸி. ஒண்டு இவளுக்கு. மற்ற ரண்டும் முதல் பிறந்ததுகளுக்கு. அதுகளையும் நான்தானே பெத்தனான்."

நான் மிஸ்ஸியைப் பார்த்தேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். நீட்டுக் காம்போடு மூன்றையும் வெட்டிக் கொடுத்தேன். மிஸ்ஸி சாந்தியைத் திருப்பி நிறுத்தி, ஒவ்வொரு பூவாகத் தன் கையாலேயே அவள் கொண்டையில் செருகிவிட்டார்.

விறாந்தையில் நின்ற இருவரில் ஒருத்தி இறங்கி வந்து சாந்தியின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். பூவைப் பற்றி அவர்கள் இருவரும் கேட்கவே இல்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெறுந்தலையோடு வீட்டுக்குப் போனார்கள்.